கொட்டாயை ரெண்டாக வெட்டாமல் வார்டு பிரிக்க: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் கொட்டாய் என்றால் அது மாட்டுக்கொட்டாய் மட்டும் இல்லை, ஊரும்தான். மூணு நாலு தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒருவர் தன் நிலத்திலேயே கொட்டாய் போட்டுத் தங்கியிருப்பார். பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டு பக்கத்திலேயே வீடு கட்டியிருப்பார்கள். அப்புறம் ஒரு வேப்பமரம், ஒரு மாரியம்மன், ஒரு தெருக்குழாய். அவர் பெயரோடு கொட்டாய் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்த ஊராட்சியை எடுத்தாலும் இப்படி ஐந்தாறு கொட்டாயாவது இருக்கும். தெரு என்று ஒன்று இருக்காது. வயலுக்கு நடுவில் இங்கே இரண்டு வீடு, அங்கே மூன்று வீடு.

வார்டு பிரிக்கிறவர் கையில் இருப்பது தெருப்பட்டியல். தெருவே இல்லாத ஊரை அதில் எப்படிக் காட்டுவது? கதவு எண்ணைப் பார்த்து முதல் இருபது வீடு நாலாவது வார்டு, மீதி ஐந்தாவது வார்டு என்று எழுதிவிடுவார்கள். அண்ணன் வீட்டுக்கு ஒரு மெம்பர், தம்பி வீட்டுக்கு இன்னொரு மெம்பர். குழாய் உடைந்தால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

இதை மாற்ற முடியுமா என்று கேட்கிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. நான் வக்கீல் இல்லை. போன தடவை வார்டு மறுவரையறை நடந்தபோது எங்கள் ஊருக்காக மனு எழுதித் தோற்றேன். அதே சமயத்தில் வேறு இரண்டு மூன்று ஊர்க்காரர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன், அவற்றில் ஒன்று தேறியது. தோற்ற மனுவையும் தேறிய மனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் சிக்கல் வார்டு எல்லைதானா?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எல்லையில் சிக்கலே இல்லை. அதனால் முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள்.

எல்லை சரியாக இருந்தும் உங்கள் வீட்டு வாக்காளர்கள் பக்கத்து வார்டுப் பட்டியலில் ஏறியிருக்கலாம். சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் உள்ளாட்சித் தேர்தலுக்கு வார்டு வாரியாக வெட்டிப் பிரிக்கிறார்கள். அந்த வெட்டில் விழுந்த பிழை என்றால் அது பட்டியல் திருத்தம், மறுவரையறை இல்லை. வாக்குச்சாவடி தூரமாக இருக்கிறது என்றால் அது சாவடி அமைவிடம் பற்றிய ஆட்சேபனை, அதற்கு வரைவுச் சாவடிப் பட்டியல் வரும்போது தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். "எங்க வார்டைப் பொம்பளைங்க வார்டு ஆக்கிட்டாங்க" என்று வருகிறவர்களின் புகார் இடஒதுக்கீடு பற்றியது, அதற்கும் எல்லைக்கும் வேறு வேறு அறிவிக்கை. எங்கள் கொட்டாயை இந்த ஊராட்சியிலிருந்து பிரித்து அந்த ஊராட்சியில் சேர்க்க வேண்டும் என்பது முற்றிலும் வேறு வழக்கு, வார்டு மறுவரையறையில் அது நடக்கவே நடக்காது.

எந்த மட்டத்து வார்டு என்பதிலும் குழப்பம் உண்டு. கிராமத்தில் ஒருவருக்கு நான்கு வாக்கு. வெள்ளைச் சீட்டு ஊராட்சி வார்டு மெம்பருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. தலைவர் பதவிக்கு மொத்த ஊராட்சியும் ஒரே தொகுதி. மற்ற மூன்றுக்கும் தனித்தனி எல்லை. ஊராட்சி வார்டில் சில நூறு பேர் இருப்பார்கள். ஒன்றிய வார்டு சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மாவட்ட வார்டு சுமார் 50,000 பேருக்கு ஒன்று. உங்கள் கோபம் வெள்ளைச் சீட்டு மேலா, பச்சை மேலா என்று முடிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் வெள்ளையைப் பற்றியது. கொட்டாய் வெட்டுப்படுவது அங்கேதான்.

யார் பிரிக்கிறார்கள், எதை வைத்து

2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நின்றுபோனது நினைவிருக்கும். அதன் பிறகு 2017-ல் தமிழ்நாடு அரசு மறுவரையறை ஆணையத்துக்கு என்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலத் தேர்தல் ஆணையர்தான் அதன் தலைவர். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லா வார்டுகளையும் திரும்ப வரைந்தார்கள். அந்த எல்லைகளின்படி 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நம் இரண்டு மாவட்டங்களிலும் ஊரகத் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்களில் மட்டும் மறுவரையறை முடியாமல் தேர்தல் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அங்கே 2021-ல்தான் நடந்தது. நம் பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது.

ஆணையம் சென்னையில் இருந்தாலும் உங்கள் கொட்டாய்க்கு நடுவில் ஓடும் கோட்டைச் சென்னையில் யாரும் போடுவதில்லை. தருமபுரியில் 251 ஊராட்சி, கிருஷ்ணகிரியில் 333. ஊராட்சி கிளார்க் கொடுக்கும் விவரத்தை வைத்து யூனியன் ஆபீசில் முதல் வரைவு தயாராகும், மாவட்ட ஆட்சியர் வழியாக மேலே போகும். வரைவு வெளியாகும், ஆட்சேபனை கேட்பார்கள், கருத்துக்கேட்பு நடக்கும், கடைசியில் அரசிதழில் வரும். அரசிதழில் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 243ஓ பிரிவு, தொகுதி எல்லைகளை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்குத் தடை போடுகிறது. ஆக, கிளார்க் மேசையில் காகிதமாக இருக்கும்போதே பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். அங்கே பென்சிலில் இருக்கும், மேலே போகப் போகப் பேனா ஆகிவிடும்.

அடுத்தது, எதை வைத்துப் பிரிக்கிறார்கள். அரசியலமைப்பின் 243சி பிரிவு, ஊராட்சிக்குள் ஒவ்வொரு வார்டிலும் மக்கள்தொகை "இயன்றவரை" ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த "இயன்றவரை" என்ற சொல்லுக்குள்தான் உங்கள் கொட்டாய் இருக்கிறது. எல்லா வார்டிலும் சரியாக 320 பேர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கொஞ்சம் கூடலாம், குறையலாம். அந்தக் கொஞ்சத்துக்குள் ஊரை ஊராக வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கென்று இருக்கும் ஆணையத்தின் சட்டத்திலேயே சமூக அடையாளம் ஓர் அளவுகோல். வாக்காளர் எண்ணிக்கை சமமா, மக்களின் அடையாளமும் நலனும் காக்கப்படுகிறதா, நிர்வாகத்துக்கு வசதியா என்று மூன்றையும் எடைபோடுவார்கள். "நாங்கள் எல்லாரும் ஒரே ஊர்" என்று மக்கள் எழுதினால் அங்கே அது நேரடி வாதம். இங்கே அதையே ஆறு, ரோடு, தண்ணீர், தூரம் என்று மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு வித்தியாசம், அங்கே எண்ணுவது வாக்காளர்களை. இங்கே கைக்குழந்தை வரை எல்லாத் தலையும் கணக்கு. நம்மவர்கள் வாக்காளர் எண்ணிக்கையைத் தூக்கிக்கொண்டு போய் வாதாடுவார்கள். அலுவலர் அந்த ஒரு தப்பைக் காட்டியே மனுவை ஓரம் வைத்துவிடுவார்.

எண்ணிக்கையை இப்போதே வாங்குங்கள்

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. புதிய எண்கள் வந்தால் வார்டு எல்லைகளும் ஒரு நாள் திரும்ப வரையப்படும். வரைவு வெளியான பிறகு கிடைக்கும் அவகாசம் நாள் கணக்கில்தான் இருக்கும், அதற்குள் ஓடி ஆதாரம் திரட்ட முடியாது. ஓய்வாக இருக்கும்போதே திரட்டி வையுங்கள்.

வேண்டியவை: வார்டு வாரியாக 2011 மக்கள்தொகை, அதில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் எத்தனை பேர், ஒவ்வொரு வார்டின் எல்லை விவரம், எந்தெந்தத் தெரு, எந்தெந்தக் கதவு எண். பஞ்சாயத்து கிளார்க்கிடம் இது ஒரு பைலில் இருக்கும். நல்ல மாதிரி கேட்டால் பலர் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒன்றியப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். பதில் வர 30 நாள். அதனால்தான் முன்கூட்டியே என்கிறேன்.

அந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கெடுப்பில் ஒரு கணக்கெடுப்பாளரின் பகுதி ஏறத்தாழ 600 முதல் 800 பேர் கொண்டது. உங்கள் வார்டோ 300 பேர். அப்படியானால் ஒரு பகுதியை உடைத்துத்தான் இரண்டு வார்டு ஆக்கியிருப்பார்கள், உடைத்த இடத்தில் வீட்டுக்கு இத்தனை பேர் என்று மதிப்புப் போட்டிருப்பார்கள். கொட்டாய்கள் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்த உடைப்பில்தான். உங்களிடம் வீடு வீடாக எண்ணிய கணக்கு இருந்தால் இங்கே பேச முடியும்.

மணியக்காரரிடம் (வி.ஏ.ஓ.) கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். மேப்பில் ஓடை, வண்டிப்பாதை, புறம்போக்கு, ஏரி எல்லாம் தெரியும். அதைப் பெரிதாக நகல் எடுத்து, கொட்டாய் இருக்கிற இடங்களைப் பென்சிலில் வட்டம் போடுங்கள். இந்தப் படம் இல்லாமல் யூனியன் ஆபீஸ் பக்கம் போக வேண்டாம்.

ஊர் ஒன்று என்பதை எப்படிக் காட்டுவது

நான் தோற்ற மனு இதில்தான் தோற்றது. "நாங்கள் தொன்றுதொட்டு ஒரே ஊராக ஒற்றுமையாக வாழ்ந்து வருகிறோம்" என்று எழுதி, 140 பேர் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அலுவலர் படித்துவிட்டு, "சரி, பக்கத்து ஊர்க்காரங்களும் இதையேதானே எழுதியிருக்காங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒற்றுமையை அளக்க அவரிடம் கோல் எது?

அளக்கக்கூடியதைத் தேடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டாயைச் சுற்றி நடங்கள். கூட ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும் வரட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகின்றன என்பது ஆம்பளைகளுக்குப் பாதிதான் தெரியும்.

முதலில் தண்ணீர். எந்த டேங்க் எந்த வீடுகளுக்குக் கொடுக்கிறது? நம் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. ஃப்ளோரைடு கலந்த போர்த்தண்ணியைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டங்கள் இவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு எந்த லைனில் எந்த நாள் காவிரித் தண்ணி வருகிறது என்பதுதான் வார்டு மெம்பரிடம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி. ஒரே டேங்க், ஒரே வால்வு, ஒரே ஆபரேட்டர் என்றால் அது ஒரே வார்டாக இருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். டேங்க் கொள்ளளவு, இணைப்பு எண்ணிக்கை, எந்த வீட்டில் தொடங்கி எந்த வீட்டில் முடிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நடுவில் என்ன குறுக்கிடுகிறது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை பல ஊர்களை அறுத்துக்கொண்டு போகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் முப்பது வீடு, இந்தப் பக்கம் முப்பது வீடு ஒரே வார்டு என்றால், மெம்பர் வீட்டுக்குப் போகச் சுரங்கப்பாதை வரை நடந்து திரும்பி வர வேண்டும். எத்தனை மீட்டர் என்று போனில் அளந்து எழுதுங்கள். ரயில் பாதை, தென்பெண்ணை, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை, எல்லாமே இப்படித்தான். "மழை பெய்தால் போக முடியாது" என்பதைவிட "தரைப்பாலம் இல்லை, ஐப்பசி கார்த்திகையில் ஓடையைக் கடக்க இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்" என்று எழுதினால் அலுவலர் மேப்பைப் பார்ப்பார். தளி, அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் இருக்கிறவர்கள் யானையையும் சேர்த்துக்கொள்ளலாம். இருட்டிய பிறகு யாரும் கடக்காத காட்டுப்பாதை ஒரு வார்டை நடுவில் பிரிக்கிறது என்றால் அது கேலிக்குரிய வாதம் இல்லை.

அப்புறம், ஜனங்கள் கூடும் இடம். எந்த ரேஷன் கடையில் அட்டை, எந்த அங்கன்வாடி, நூறு நாள் வேலைக்கு எந்தக் குழுவோடு போகிறார்கள், பால் எந்தச் சங்கத்தில் ஊற்றுகிறார்கள், பஸ்ஸுக்கு எங்கே நிற்கிறார்கள். ரேஷன் அட்டையில் கடை எண் அச்சாகியிருக்கும், பால் சங்கத்தில் உறுப்பினர் பதிவேடு இருக்கும். அலுவலர் சரிபார்க்கக்கூடியவை இவை. மாரியம்மன் பண்டிகைக்கு ஒன்றாக வரி போட்டுக் கூழ் ஊற்றுகிறோம் என்பதையும் ஒரு வரி எழுதலாம், ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். தனியாக நிற்காது, மற்றவற்றோடு சேர்ந்தால் கனம் கொடுக்கும்.

கிருஷ்ணகிரியின் மேற்கு, வடக்குப் பக்கங்களில், ஓசூர், வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில், தெலுங்கு பேசும் ஊரும் கன்னடம் பேசும் ஊரும் தமிழ் ஊரும் உருது பேசும் தெருவும் அடுத்தடுத்து இருக்கும். மொழியைச் சொல்லி வார்டு கேட்காதீர்கள். பள்ளியின் பயிற்றுமொழி, பிள்ளைகள் போகும் வழி என்று சொன்னால் அதே விஷயம்தான், அலுவலரால் எழுதிக்கொள்ளவும் முடியும்.

ஊர், காலனி: இதைப் பேசாமல் போக முடியாது

சமூக அடையாளம் என்று சொல்லத் தொடங்கியதும் பாதிப்பேர் மனதில் ஓடுவது சாதிதான். "எங்க ஆளுங்களுக்கு ஒரு வார்டு" என்று நேரடியாகவே கேட்டவர்கள் உண்டு. மெதுவாகச் சொல்கிறேன், நான் அதற்கு எழுதித் தர மாட்டேன். வழி, தண்ணீர், தூரம் எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு தெருக்களைச் சாதியை மட்டும் பார்த்துப் பிரிக்கக் கேட்பது ஊரைக் காப்பது ஆகாது.

ஆனால் மறுபக்கம் இருக்கிறது. நம் ஊர்களில் ஆதிதிராவிடர் குடியிருப்பு ஊரிலிருந்து விலகித் தனியாகத்தான் இருக்கும். தனித் தெரு, பல இடங்களில் தனி டேங்க். 300 பேர் இருக்கும் அந்தக் குடியிருப்பை மூன்று துண்டாக வெட்டி மூன்று வார்டில் ஒட்டினால், மூன்றிலும் அவர்கள் சிறுபான்மை. மூன்றிலும் அவர்கள் சொல் எடுபடாது. இது தற்செயலாகவும் நடக்கும், தற்செயல் இல்லாமலும் நடக்கும். கூடவே இடஒதுக்கீட்டுக் கணக்கு வேறு. ஆதிதிராவிடர் விகிதம் அதிகமாக இருக்கும் வார்டுகளே அவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் எந்த வார்டு ஒதுக்கீட்டுக்குப் போகும் என்பதே மாறும். அந்த உள்நோக்கத்தோடு வரும் ஆட்சேபனைகளை நான் பார்த்திருக்கிறேன். மேலே ஓடை, பாலம் என்று அழகாக எழுதியிருப்பார்கள், எண்களைக் கூட்டிப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி. எல்லாரையும் ஒரே வார்டில் அடைத்துவிட்டால் அந்த வார்டு நிச்சயம் அவர்களுடையது, ஆனால் ஒன்பது பேர் உட்காரும் மன்றத்தில் ஒரு குரல்தான். 600 பேர் இருக்கும் குடியிருப்புக்கு இரண்டு வார்டு நியாயமா, ஒன்றா என்பதை வெளியிலிருந்து நான் முடிவு செய்ய முடியாது. அங்கே வசிக்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள். கோடு போட்டு முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் அவர்கள் தெருவுக்குப் போவது எங்கள் பக்கத்துப் பழைய கெட்ட பழக்கம்.

காலனி என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதனால் மனுவில் தெருவின் பெயரையோ, குடியிருப்பு என்றோ எழுதுங்கள். பழைய வார்டுப் பட்டியலில் காலனி என்று இருந்தால், அதே தெருதான் என்று குறிப்பிட்டுவிடுங்கள், பெயர் மாற்றத்தில் வீடுகள் காணாமல் போகாமல் இருக்கும்.

கோட்டை நீங்களே போடுங்கள்

"எங்களைப் பிரிக்காதீர்கள்" என்று சொல்வது பாதி மனு. பிரிக்காமல் எப்படி என்று சொல்வதுதான் மீதி. ஒரு வார்டில் சேர்த்தால் இன்னொன்றில் குறையும், அந்தக் குறையை எங்கிருந்து நிரப்புவது என்று அலுவலர் உட்கார்ந்து யோசிக்க மாட்டார். நீங்கள்தான் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஊராட்சியில் 2,880 பேர், ஒன்பது வார்டு. சராசரி 320. பத்து சதவீதம் கூடக் குறைய என்று நானாக ஓர் எல்லை வைத்துக்கொள்வேன், அதாவது 288 முதல் 352 வரை. நாலாவது வார்டில் 331, ஐந்தாவதில் 309. ஒரு கொட்டாயின் 210 பேரில் 120 பேர் நாலில், 90 பேர் ஐந்தில் இருக்கிறார்கள். அந்த 120 பேரையும் ஐந்துக்குத் தள்ளினால் நாலில் 211, ஐந்தில் 429. இதோடு நிறுத்தினால் மனு குப்பைக்கு. ஐந்தாவது வார்டில் இருக்கும் பள்ளிக்கூடத் தெருவில் 112 பேர், அந்தத் தெரு நாலாவது வார்டை ஒட்டி இருக்கிறது. அதை நாலுக்குத் தள்ளினால் நாலில் 323, ஐந்தில் 317. பழைய பிரிவைவிடச் சமமாகவே ஆகிவிட்டது. இப்படி ஒரு கணக்கு கையில் இருந்தால் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் பள்ளிக்கூடத் தெருக்காரர்களிடம் கேட்டீர்களா? தேறிய மனுவில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான். நகர்த்தப்படும் தெருவில் இருபது வீட்டுக்காரர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கித் தனித்தாளில் இணைத்தோம். கேட்காமல் போயிருந்தால் அவர்களே எதிர் ஆட்சேபனை போட்டிருப்பார்கள்.

ஒரு வார்டு ஒரே துண்டாக இருக்க வேண்டும், நடுவில் இன்னொரு வார்டைத் தாண்டிப் போகக் கூடாது. எல்லையை ஆறு, ரோடு, வண்டிப்பாதை என்று கண்ணுக்குத் தெரிகிற கோட்டில் வையுங்கள். நிலப்பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது போல வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு பக்கமும் எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்த வேலைக்குப் பழைய பத்திர எழுத்தர் ஒருவர் கிடைத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மனு

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உடல் இப்படி இருக்கலாம்:

"பார்வையில் காணும் வரைவு அறிவிக்கையில், எங்கள் ஊராட்சியின் வார்டு 4, 5 எல்லைகள் குறித்து ஆட்சேபனை தெரிவிக்கிறோம். ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து குடிநீர் பெறும், ஒரே நியாயவிலைக் கடையில் அட்டை வைத்துள்ள 48 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பு, கதவு எண் அடிப்படையில் இரண்டு வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இணைப்பு 1-ல் உள்ள வரைபடத்தின்படி முழுக் குடியிருப்பையும் வார்டு 5-லும், பள்ளிக்கூடத் தெருவை வார்டு 4-லும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். இதனால் மக்கள்தொகை வார்டு 4-ல் 323, வார்டு 5-ல் 317 ஆக அமையும். வேறு எந்த வார்டின் எல்லையும் மாறாது."

அந்தக் கடைசி வரியை மறக்க வேண்டாம். ஒரு மாற்றம் ஒன்பது வார்டையும் கலைக்கும் என்றால் எந்த அலுவலரும் தொட மாட்டார்.

கையெழுத்து ஆயிரம் வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒன்று போதும், கதவு எண்ணோடு. கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இடையில் ஏதாவது ஒன்று வந்தால் அங்கே தீர்மானமாகப் பதிய வைத்து நகல் இணையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், வாயால் சொன்னது போதாது.

எங்கே கொடுப்பது என்பது வரைவு அறிவிக்கையிலேயே அச்சாகியிருக்கும், அங்கேயே கொடுங்கள். வேறு ஊருக்கு நான் எழுதிய ஒரு மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். முதியோர் ஓய்வூதியம், பட்டா மனுக்களோடு அது கலந்து, ஒரு மாதம் கழித்து "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வந்தது. அதற்குள் தேதி முடிந்திருந்தது. நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், இன்னொரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்துக்கேட்புக்குக் கூப்பிட்டால் மூன்று பேர் போதும். வேன் வைத்து ஆள் திரட்ட வேண்டாம், பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். மேப்பை விரித்துக் காட்டுங்கள், கணக்கைச் சொல்லுங்கள், உட்காருங்கள். கட்சிக்காரர் ஒருவர் நம் சார்பில் பேச முன்வருவார். நல்ல மனிதராகக்கூட இருப்பார். இருந்தாலும் அவர் வாயிலிருந்து வந்தால் அது அவர் கட்சிக் கோரிக்கை ஆகிவிடும். டேங்க் பக்கத்து வீட்டு அக்காவைப் பேச விடுங்கள்.

மலையும் நகரமும்

மலைக்கிராமங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. வட்டுவனஅள்ளி ஊராட்சியின் கோட்டூர் மலைக்குத் தேர்தல் பெட்டி கழுதை மேல் ஏறிப் போன செய்தியை எல்லாரும் பார்த்திருப்போம். சித்தேரி மலையில் ஏராளமான சிற்றூர்கள் ஒரே ஊராட்சி. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஆக, மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் வார்டு எல்லைதான் கையில் இருக்கும் ஒரே பிடி. இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல் நடக்கும் மணி நேரத்தில் எழுதுங்கள். மேப்பில் ஒட்டியிருக்கும் இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும்.

ஓசூர் எதிர்க்கோடி. 2019-ல் மாநகராட்சி ஆகி 45 வார்டு. மத்திகிரி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி எல்லாம் ஒரு காலத்தில் தனி உள்ளாட்சிகள், பழைய ஊர்க்காரர்களுக்கு இன்னும் அந்த எல்லை நினைவிருக்கிறது. சிப்காட் வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்கு லேஅவுட்தான் ஊர். நகரத்தில் கொட்டாயின் இடத்தில் குடியிருப்போர் நலச்சங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், டேங்குக்குப் பதில் கழிவுநீர் லைனையும் குப்பை வண்டியின் ரூட்டையும் பாருங்கள். மீதிக் கணக்கு ஒன்றுதான்.

அரசிதழுக்குப் பிறகு

இறுதி அறிவிக்கை வந்ததும் உங்கள் வார்டு எல்லையை எழுத்தெண்ணிப் படியுங்கள். மனு ஏற்கப்பட்டும், தட்டச்சில் பழைய கதவு எண்ணே திரும்ப வந்த சம்பவம் உண்டு. அப்புறம் வார்டு வாரி வாக்காளர் பட்டியல் வரும். முதல் பக்கத்தில் பிரிவுகளின் பெயர் இருக்கும், கொட்டாயின் பெயர் சரியாக, ஒரே வார்டில் இருக்கிறதா பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கொட்டாய் இருக்கும் ஊராட்சிகளில் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். பென்சில் வட்டம் போட்ட மேப்பையும் வீட்டுக் கணக்கையும் ஒப்புகைச் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஊரில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கும் ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அடுத்த மறுவரையறை வரும்போது அந்தப் பிள்ளைக்கு ஓட்டு வந்திருக்கும்.